பன்னை டேப்பால் அளந்த விவகாரம்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் மிகுந்த பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது முறை. உங்கள் மகள் சௌக்கியம். தையல் மெஷின்கள் இரண்டும் சௌக்கியம். என் சௌக்கியம், இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பேத்தி பஞ்சுவின் சௌக்கியத்தைப் பற்றித்தான் கடிதமே என்பதால் அதைப் பின்னால் எழுதுகிறேன். தாங்களும் தங்கள் பேக்கரி அடுப்பும், மாவு மூட்டை மேல் படுத்துத் தூங்கும் அந்தக் கிழட்டுப் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் போனில் பேசியபோது நான் வாயே திறக்கவில்லை என்று உங்கள் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். மாமா, நீங்கள் மூச்சு வாங்கும் இடம் பார்த்து ஒரு வார்த்தையை உள்ளே நுழைக்கலாம் என்று காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் மூச்சே வாங்கவில்லை. "பெத்த புள்ளைக்கு வயிறார சாப்பாடு போட மனசில்லாதவனுக்கா என் பொண்ணக் குடுத்தேன்?" என்று கேட்டீர்கள். "புள்ளை திங்கிற பன்னை டேப் வச்சு அளக்கிறியாமே, நீ மனுஷனா?" என்று கேட்டீர்கள். கடைசியாக, "சனிக்கிழமை பேக்கரி வேனை எடுத்துட்டு வர்றேன், லீவு முடியற வரைக்கும் என் பேத்தி என்கூட இருக்கட்டும், நான் தேத்தி அனுப்பறேன்" என்றீர்கள். நான் "சரி மாமா" என்றேன். கல்யாணம் ஆன நாள் முதலாக உங்களிடம் நான் சொல்லி வருவது அந்த ஒன்றுதான், வாய்க்குப் பழகிவிட்டது. அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்கு ஒரு தைரியம் இருக்கிறது.

முதலில் பன் விஷயம். பஞ்சு உங்களிடம் சொன்னது உண்மை. அளந்தேன். ஆனால் ஏன் அளந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் போன வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளவும். ஊரில் யாருக்குத் துணி தைத்தாலும் நான் டேப் வைத்து அளந்துதான் வெட்டுவேன். பஞ்சுவுக்கு மட்டும் அளந்ததே இல்லை. வீட்டுப் பிள்ளைதானே, பழைய சட்டையை அளவுச் சட்டையாக வைத்து, கண்ணால் ஒரு பார்வை பார்த்து, வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் கூட்டி வெட்டிவிடுவேன். அது போதாதென்று பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணியும் விடுவேன். "அப்பா, கை இறுக்குது" என்பாள், அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பிரித்து விட்டிருப்பேன். "அப்பா, இடுப்பு பிடிக்குது" என்பாள், காலைச் சாப்பாடு முடிவதற்குள் எலாஸ்டிக் மாற்றியிருப்பேன். மற்ற வீடுகளில் பிள்ளைக்குத் துணி பற்றவில்லை என்றால் அம்மா கவலைப்படுவாள், அப்பா கத்துவார், யாராவது ஒருவர் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் துணி பற்றாமல் போனதே இல்லை மாமா. அதனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் மாதாமாதம் பிஸ்கட் டப்பா கொண்டு வந்துகொண்டே இருந்தீர்கள். இரண்டு பேரும் நம் தொழிலை நன்றாகத்தான் பார்த்தோம்.

இதற்கு நடுவில் கழுத்து வந்தது. பஞ்சுவின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படிந்தது. உங்கள் மகள் அதை அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டாள். குளியலறையில் அம்மா தேய்க்க, மகள் அலற, கீழே கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்று மாடியை எட்டிப் பார்க்க, எனக்கு மானம் போனது. எத்தனை சோப்பு மாற்றியும் கறுப்பு போகவில்லை. பிள்ளை ஒரு நாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "காலரை இன்னும் கொஞ்சம் மேல ஏத்தித் தைக்க முடியுமாப்பா?" என்று கேட்டாள். முடியுமாவா! யூனிஃபார்ம் காலரை இரண்டு விரல் உயர்த்தி, உள்ளே கஞ்சித் துணி கொடுத்து, தலை நிமிர்ந்து நிற்கும்படி தைத்தேன். அப்படி ஒரு காலரை நான் அதற்கு முன் தைத்ததில்லை. அவள் வகுப்புப் பெண்கள் நான்கைந்து பேர் அதே மாதிரி வேண்டும் என்று அம்மாக்களை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நான் உங்கள் மகள் முன்னால் மீசையைத் தடவிக்கொண்டேன். பஞ்சு எதற்காக அந்தக் காலரைக் கேட்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு தூக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெட்டு மேஜைக்கு அடியில் துணி மூட்டை மேல் சாய்வாள், அடுத்த நிமிஷம் குறட்டை. மெஷின் சத்தத்தை அமுக்குகிற குறட்டை மாமா, உங்கள் குறட்டையேதான், பரம்பரைச் சொத்து. திடீரென்று அது நின்றுவிடும். அப்படியே அமைதி. பிளவுஸ் வாங்க வந்த ஒரு டீச்சரம்மா மேலே ஃபேனைப் பார்த்து, "கரண்ட் போயிடுச்சா?" என்றே கேட்டார். பிறகு ஒரு பெரிய திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். நாங்கள் சிரிப்போம். பள்ளிக்கூடத்திலும் மத்தியான வகுப்பில் தூங்குகிறாள் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். நீங்கள் போனில், "படிப்பு அசதி, நல்லா சாப்பிடச் சொல்லு" என்றீர்கள். அந்த மாதம் பெரிய டப்பாவாக வந்தது.

அப்புறம் முட்டி வலி. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடி ஜன்னலில் கயிறு கட்டி, கடைசியில் ஒரு கூடையும் கட்டினேன். அவள் கீழே நின்றபடி புத்தகப் பையைக் கூடையில் போடுவாள், உங்கள் மகள் மேலே இழுத்துக்கொள்வாள். அதே கூடையில் பாலும் பிஸ்கட்டும் கலர் பாட்டிலும் கீழே இறங்கும். பிள்ளை ஏற வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துக் கடை பூட்டு ரிப்பேர்க்காரர் கூட, "நல்ல மூளைங்க உங்களுக்கு" என்று பாராட்டினார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே, குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போனோம். நர்ஸ் பி.பி. பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றினார், அது சேரவில்லை. "சின்னவங்க பட்டை பத்தல, பெரியவங்களோடத எடுத்துட்டு வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சு காலருக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில், "அந்தப் பட்டையத் தச்சவன் உள்ள துணியே விடலம்மா, தப்பு அவன் மேல" என்றேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டாக்டரம்மா அமைதியானவர். பஞ்சுவை நிற்க வைத்து உயரம் பார்த்தார், எடை பார்த்தார். அப்புறம் ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார் மாமா. என்னால் பொறுக்க முடியவில்லை. டேப் பின்னால் முறுக்கியிருக்கிறது, முன்னால் ஏறியிருக்கிறது, சட்டைக்கு மேலேயே இழுத்துப் பிடிக்கிறார். "மன்னிக்கணும் டாக்டர், டேப்ப அப்படிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினா அளவு பொய் சொல்லும்" என்று நான் குறுக்கே விழுந்தேன். உங்கள் மகள் என் காலை மிதித்தாள். அந்த அம்மா சிரித்தபடி டேப்பை என்னிடமே கொடுத்து, "நீங்களே அளங்க" என்றார். தொழில் சுத்தமாக, முறுக்கு எடுத்து, மட்டம் பார்த்து, மூச்சை விடச் சொல்லி அளந்தேன். என் அளவு அவருடையதைவிடக் கூடுதலாக வந்தது. "ரொம்ப நன்றி, உங்க அளவையே எழுதிக்கறேன். இடுப்பு, உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். இவளுக்கு ரொம்பத் தாண்டிடுச்சு" என்றார். வாதாடி ஜெயித்துத் தோற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டேப் என் கையில் இருந்தது. என் பெண்ணை நான் முதல் தடவையாக அளந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து அவர் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். காலரைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு, "இந்தக் காலரை யார் தச்சது?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் டாக்டர்!" என்றேன். ஒரு வேளை அவருடைய பெண்ணுக்கும் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். அவர் உங்கள் மகளைப் பார்த்து, "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. உடம்புல சர்க்கரைய அடக்கற சுரப்பு ஓவர்டைம் பாக்குதுன்னு தோலு சொல்ற அடையாளம் இது. குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டார். உங்கள் மகள் மெதுவாக, "எங்கப்பாவுக்கு" என்றாள். மாமா, பஞ்சு பிறந்தபோது உங்கள் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்று எல்லோரும் கொண்டாடினோம். இதுவும் சேர்ந்து வருமோ என்று பயந்து, டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டார். "ஆமா டாக்டர், எங்க பழைய மெஷின் மாதிரி நின்னு நின்னு ஓடும்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூச்சு நின்றால் தூக்கம் உடைந்துபோகும், அதனால்தான் பகலெல்லாம் தூங்கி விழுகிறாள், தொண்டை டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்றார். நாங்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தது என் பிள்ளையின் மூச்சு மாமா. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை இன்னும் வியாதி ஆகவில்லை, வாசலில் வந்து நிற்கிறது. பி.பி. கூடுதல். முட்டி, வளர்கிற எலும்பு, அதன் மேல் இவ்வளவு பாரம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "எங்க வீட்டுல யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாதுங்க!" "இது அதனால வர்றது இல்லைங்க. கலர் கலரா பாட்டில்ல வாங்கிக் குடுக்கறீங்களே, அது, பன்னு, பிஸ்கட், உக்காந்தே இருக்கறது, எல்லாம் சேர்ந்து வர்றது" என்றார். இதெல்லாம் வயசானவர்களுக்கு வருவது என்றுதான் நானும் உங்களைப் போல நினைத்திருந்தேன். என் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது.

டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "பட்டினி போடாதீங்க. அவள மட்டும் தனியா உக்கார வச்சு அளந்து குடுக்காதீங்க. வீட்டுல எல்லாரும் மாறணும். இப்ப பிடிச்சா எல்லாத்தையும் திருப்பிடலாம், வளர்ற வயசு" என்றார். இதில் கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது. அளக்காதே என்று ஒரு தையல்காரனிடம் சொன்னால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துப் பன்னின் சுற்றளவைப் பார்த்து, குறுக்கே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டினேன். பாதிப் பன்னைத் தட்டில் வைத்தேன். பிள்ளை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எழுந்து போய்விட்டாள். அன்றைய கோபத்தைத்தான் இத்தனை நாள் கழித்து உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறாள். இதுதான் மாமா அந்த விவகாரம். அதற்கு மேல் உங்கள் மகள் டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள், அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களை நான் கயிறு வைத்து அளந்தேன்.

அதற்குப் பின் ஒழுங்காகத்தான் நடக்கிறது, நம்புங்கள். மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு, தட்டில் பாதி காய்கறி. கலர் பாட்டில் நிறுத்தியாயிற்று, தண்ணீர்தான், எனக்கும். கூடையை அவிழ்த்துவிட்டேன், படியில் உட்கார்ந்து உட்கார்ந்தாவது அவளே ஏறுகிறாள். சாயங்காலம் தைத்த துணிகளை வீடு வீடாகக் கொடுக்க முன்பெல்லாம் நான் ஸ்கூட்டரில் போவேன். இப்போது நானும் பஞ்சுவும் நடந்து போகிறோம். முதல் நாள் தெருமுனையோடு திரும்பினோம், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நடக்கிறபோதுதான் பிள்ளை பேசுகிறாள். வகுப்பில் அவளை மூட்டை என்று கூப்பிடுகிறார்களாம். நான், "உன் சட்டை எல்லாம் எவ்வளவு அழகா இருக்கும், அதப் பாத்து பொறாமைம்மா" என்றேன். அவள் சொன்னாள்: "என் டிரஸ் எப்பவும் கரெக்டாத்தான்பா இருந்துச்சு. அதனால நான் குண்டாகவே இல்ல, அவங்கதான் பொய் சொல்றாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்." நான் கையிலிருந்த துணிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். அவளிடம் அந்தப் பொய்யைச் சொன்னது என் ஊசி மாமா. வீட்டுக்கு வந்ததும் பெரிய கத்தரிக்கோல் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். இனி பஞ்சுவின் துணியில் தையலுக்குள் ஒரு நூல் அளவுகூட அதிகம் விடமாட்டேன்.

ஆகையால் மாமா, இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை வர வேண்டாம். இப்போதைக்கு வரவே வேண்டாம். உங்களைப் பார்த்தால் அவள் இளகிவிடுவாள், அவளைப் பார்த்தால் நீங்கள் இளகிவிடுவீர்கள், உங்கள் இரண்டு பேரையும் பார்த்து நான் இளகி, கூடையை மறுபடி கட்டிவிடுவேன். டப்பாவும் அனுப்ப வேண்டாம். உங்கள் டப்பாக்கள் கடை அலமாரி முழுக்க நிற்கின்றன, கறுப்புப் பட்டனுக்கு ஒன்று, வெள்ளைப் பட்டனுக்கு ஒன்று, ஊக்குக்கு ஒன்று. அந்த வரிசையைப் பார்த்தாலே நீங்கள் அவள் மேல் வைத்திருக்கும் ஆசையின் அளவு தெரிகிறது. அந்த ஆசையை இப்போதைக்குப் பேக்கரியிலேயே வைத்திருங்கள். வேனையும் அனுப்ப வேண்டாம், பிள்ளை இங்கேயே இருக்கட்டும். இதில் நான் அசைவதாக இல்லை.

தங்கள் சுகர் மாத்திரையை மறக்காமல் சாப்பிடவும். கேக் மேல் க்ரீம் சரியாக வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும். உங்கள் மகள் அன்பைச் சொல்லச் சொன்னாள், பூனையை விசாரித்ததாகப் பஞ்சு சொல்லச் சொன்னாள். தங்கள் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும், அதைத் தபாலிலேயே அனுப்பி வைக்கலாம்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர)
மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் வந்துவிட்டது, இன்று போய்விட்டு இப்போதுதான் வந்தோம். எடை குறையவே இல்லை மாமா, அப்படியே நிற்கிறது. எனக்கு முகம் தொங்கிப்போனது. டாக்டரம்மா டேப்பை என்னிடம் நீட்டி, "உயரத்த நீங்களே அளங்க, நான் அளந்தா ஒத்துக்க மாட்டீங்க" என்றார். அளந்தேன். பிள்ளை வளர்ந்திருக்கிறாள். "எடை இப்படியே நின்னு உயரம் ஏறினா, இந்த வயசுல அதுவே பெரிய விஷயம். போதும், இதே மாதிரி போங்க. ரத்தம் மறுபடி பாக்கலாம்" என்றார். தொண்டை டாக்டரையும் அடுத்த வாரம் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து புது யூனிஃபார்முக்குத் துணியை விரித்தேன். "காலர் சாதாரணமாவே இருக்கட்டும்பா. அது அழுக்கில்லன்னுதான் சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு மூடணும்?" என்றாள். கூடவே, "தாத்தாவையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காராமே. உங்ககூட நடந்தா நீங்க வழியெல்லாம் மத்தவங்க சட்டையில குத்தம் கண்டுபிடிச்சுட்டே வர்றீங்க. தாத்தா வரட்டும், நானும் தாத்தாவும் போறோம்" என்றாள். எனவே மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு சனிக்கிழமை அவசியம் வரவும், லீவு முடிகிற வரை இங்கேயே தங்கவும். டப்பாவும் கொண்டு வரவும், காலியாக. கலர் பட்டன்களுக்கு ஒன்று குறைகிறது. கத்தரிக்கோல் மேல் செய்த சத்தியத்தையும் இன்று சாயங்காலம் உடைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு நூல்கூட விடவில்லை, ஆனால் பாவாடையின் கீழ் ஓரத்தில் நான்கு விரல் துணியை உள்ளே விட்டு மடித்து அடித்திருக்கிறேன். பிள்ளை உயர்ந்து, அதைப் பிரித்து இறக்குகிற நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் மாமா.